திருநீற்றோடு போன நன்றிக் கடிதம்

இன்டர்வியூ அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. விடியற்காலையிலேயே வல்லக்கோட்டைக்கு நடந்து போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, விரதத்தோடு அப்படியே கம்பெனிக்குப் போனேன். அது 1991-ஆம் வருஷம். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் அப்போது இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள்ளும் தண்ணீர் இல்லாத ஏரியும்தான். நடுவில் புதிதாக ஒரு ரப்பர் கம்பெனி வந்திருந்தது. வண்டிகளுக்கு வேண்டிய வாஷர், ஓஸ் மாதிரி சாமான்கள் செய்கிற இடம். ஸ்டோர்ஸுக்கு ஓர் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மனு போட்டிருந்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். அதுவரை ஓர் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டதில் ஆலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இந்த வேலையும் இல்லையென்றால் நான் மச்சானோடு அம்பத்தூருக்குப் போய் எங்காவது ஒண்டிக்கொள்வது, மனைவியும் மகளும் காஞ்சிபுரத்தில் அவளுடைய தாய் வீட்டில் இருப்பது என்று பேசி முடித்தாயிற்று. மகளுக்கு அப்போது நாலு வயசு. என் கை மேல் தலை வைத்தால்தான் தூங்குவாள். மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், அந்தத் தலையை எப்படி விட்டுவிட்டுப் போவது என்பதுதான் எனக்குக் கவலை.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் டை கட்டிய இளைஞர். இன்னொருவர்தான் பெரிய அதிகாரி. நரைத்த மீசை, தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ். இளைஞர், "உங்க ஹாபி என்ன?" என்றார். "கிருத்திகைக்குக் கிருத்திகை வல்லக்கோட்டைக்கு நடந்து போவேன் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதோடு எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. பெரியவர் தன் முன்னால் இருந்த தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க. அவசரம் இல்ல" என்றார். குடித்தேன். பிறகு என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பது இன்றைக்கும் நினைவில் இல்லை. "தகவல் தபால்ல வரும்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபின் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். முந்தின வாரமே அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "இன்டர்வியூ முடிஞ்சதும் சும்மா வூட்ல குந்திகினு இருக்காத மாப்ள. பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் போறவங்க தேங்க்ஸ் லெட்டர் போடுவாங்க. அப்பதான் உன் மூஞ்சி அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

மூஞ்சி ஞாபகம் இருக்கட்டும் என்பதற்காக நான் எழுதவில்லை. அந்தத் தம்ளர் மனசில் நின்றுவிட்டது. மறுநாளே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, முருகன் துணை என்று எழுதி, நாலு வரி எழுதினேன். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, வெறும் காகிதத்தையா அனுப்பப் போறீங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். யாருக்காவது நன்றி சொல்லப் போனால் வெற்றிலை பாக்கு, நாலு வாழைப்பழம் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் படி இறங்கமாட்டார்கள். வெறுங்கையோடு சொல்கிற நன்றி எங்களுக்கு நன்றியாகவே தெரியாது. தபாலில் பழம் போகாது. அவளே சாமி மாடத்திலிருந்து ஆடிக் கிருத்திகைத் திருநீற்றை எடுத்து, தாளில் பொட்டலம் மடித்து, கடிதத்துக்கு நடுவில் வைத்துக் கொடுத்தாள். கவரை ஒட்டி, ஒரகடம் கூட்டு ரோட்டில் இருந்த தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்டதும் மனசு கொஞ்சம் லேசானது.

அந்த லேசு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். மச்சான் வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே, "இன்னா மாப்ள, லெட்டர் போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன். மனைவி குழம்பை ஊற்றியபடியே, "திருநூறும் வெச்சி அனுப்பினோம்ணா" என்றாள்.

மச்சான் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாது? கம்பெனி ஆபீசருக்குத் திருநூறா?"

"ஏன், சாமி பிரசாதம்தானே?"

"உனக்கு சாமி பிரசாதம். அவருக்கு இன்னான்னு தெரியுமா? எங்க கம்பெனில சூப்பர்வைசர் சேருக்குக் கீழ ஒரு எலுமிச்சம்பழமும் குங்குமமும் கெடந்துச்சு. யாரோ மை வெச்சிட்டாங்கன்னு அந்தாளு ஒரு வாரம் லீவு போட்டுட்டாரு. ரெண்டு பேருக்கு வேல போச்சு. லெட்டருக்குள்ள பொட்டலம்னா வேற இன்னா நெனப்பாங்க? வேலைக்கு வசியம் பண்றான்னுதான் நெனப்பாங்க." என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாலு மூலைலயும் மஞ்சள் தடவினியா மாப்ள? தடவியிருந்தா, கல்யாணப் பத்திரிகைன்னாவது பிரிச்சிருப்பாரு."

"போண்ணா, நீ வேற" என்று மனைவி அதட்டினாள். ஆனால் அவள் முகமும் மாறிவிட்டது. முருகா, உன் திருநீற்றை உன் பேரைச் சொல்லித்தானே அனுப்பினேன், அது எனக்கே எதிராக வருமா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். மகள் என் பின்னாலேயே நடந்து, இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். "அதெல்லாம் சனிக்கிழமையே பை கட்டிப் போயாச்சு. இன்னிக்கு டெலிவரி ஆயிடும்" என்றார்கள். அங்கிருந்து மிதித்தேன். கம்பெனி கேட்டில் போய் நின்றபோது தபால்காரர் இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. முருகா என்று மூச்சு விட்டேன்.

கேட்டில் வாட்ச்மேன் ஒருவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். விறைப்பான மீசை, விறைப்பான பேச்சு. நான் கேட்டுக்கு எதிரில் இங்கும் அங்கும் நடப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாபா, யாரைப் பாக்கணும்?"

"தபால்காரரைங்க."

"தபால்காரரைப் பாக்கறதுக்கு இங்க இன்னாத்துக்கு வந்து நிக்கற?"

அதற்குள் தபால்காரர் சைக்கிளில் வந்துவிட்டார். ஓடிப்போய் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொல்லி, என் கவரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"பொட்டில போட்டதுக்கப்புறம் அது உன்னுது இல்லபா. பேர் போட்டிருக்கிறவருது. உன்கிட்ட குடுத்தா என் சட்டையைக் கழட்டிடுவாங்க" என்றார். தபால் கட்டிலிருந்து என் கவரை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். "உள்ள இன்னாமோ மெத்துனு கீதே."

"பொட்டலங்க. அதனாலதான் சொல்றேன், தயவு பண்ணி அவரைப் பிரிக்க விடாதீங்க."

இந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போனார்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் பொட்டலம், பை என்றாலே ஜனங்கள் தள்ளி நின்றார்கள். எதனால் என்று ஸ்ரீபெரும்புதூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் யாரோ மறந்து வைத்த மஞ்சள் பைக்கெல்லாம் வண்டியையே நிறுத்திய காலம். நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு இருந்த பயம் வேறு, வாட்ச்மேனுக்கு வந்த பயம் வேறு.

"அத்த அப்படியே வெய்யி! கீழ வெய்யி!" என்று தபால்காரரிடம் கத்தினார். கேட் பக்கத்தில் தீயணைக்கிற மணல் வாளி தொங்கியது. தபால்காரர் என் கவரை அந்த மணல் மேல் வைத்தார். வாட்ச்மேன் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே உள்ளே பார்த்து விசில் அடித்தார்.

"ஐயா, திருநூறுங்க! வல்லக்கோட்டைத் திருநூறு!" என்றேன். அவர் கேட்கவில்லை. வேலை போனது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அம்பத்தூர், ஒற்றை ரூம், என் கையில் இல்லாத அந்தச் சின்னத் தலை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். பின்னால் அந்தப் பெரியவர். அவருக்கு என்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நீங்க கிருத்திகைக்காரர்தானே?"

"ஆமாம் சார்."

"அதுல என்ன இருக்கு?"

"திருநீறு சார். உங்களுக்கு நன்றி சொல்லி லெட்டர் போட்டேன். வெறும் லெட்டரா அனுப்பக் கூடாதுன்னு எங்க வூட்ல வெச்சாங்க. தப்பா நினைச்சிடுவீங்களோன்னு வாங்கிட்டுப் போக வந்தேன்."

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, நீங்களே பிரிங்க" என்றார்.

மணலில் இருந்து எடுத்துப் பிரித்தேன். மற்றவர்கள் தள்ளியே நின்றார்கள். பொட்டலத்தைத் திறந்து காட்டினேன். காற்றில் கொஞ்சம் பறந்து என் சட்டை மேலேயே விழுந்தது. கடிதத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கி ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது. நீங்க படிங்க."

எழுதும்போது இதையும் நான் யோசிக்கவில்லை. ரோட்டு ஓரத்தில், கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேனும் தபால்காரரும் கேட்க, என் கடிதத்தை நானே வாய்விட்டுப் படித்தேன். "ஐயா அவர்களுக்கு வணக்கம். இன்டர்வியூவில் எனக்கு நா வறண்டபோது தாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்தீர்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதை மறக்கமாட்டேன். தங்கள் குடும்பத்தை முருகன் காப்பாற்றட்டும்."

"தண்ணிக்கா லெட்டர் போட்டீங்க?" என்றார் அவர். பொட்டலத்திலிருந்து ஒரு விரலால் தொட்டுப் புருவ நடுவில் வைத்துக்கொண்டார். மீதியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். கடிதத்தையும் வாங்கிக்கொண்டார். "தகவல் தபால்ல வரும். இங்க வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று வழியெல்லாம் யோசித்தேன், விளங்கவில்லை.

தபால்காரர் சைக்கிளில் ஏறியபடி, "அடுத்த தபா ஆபீசருக்கு லெட்டர் போட்டா வெறும் லெட்டரா போடுபா. எனக்குப் புள்ளகுட்டி கீது" என்றார்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களை எப்படிச் சொல்வது? எங்கள் தெருப் பக்கம் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பேன். மனைவி காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோக மகளின் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்குவாள், பிறகு அவளே எடுத்துக் கொடியில் போடுவாள். அடுத்த கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குப் போனேன். வேலை கொடு என்று கேட்க வாய் வரவில்லை. என் அவசரத்தை எடுத்துக்கொள் அப்பனே என்று மட்டும் கேட்டேன். அதற்கு அடுத்த வாரம் கார்டு வந்தது. ஸ்டோர்ஸில் சேரச் சொல்லி.

மனைவி அந்தக் கார்டைச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டாள். பெட்டியைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கடிதத்தால் கிடைத்ததா, கடிதத்தையும் மீறிக் கிடைத்ததா என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. பெரியவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி சோற்றுப் பையில் இன்னொரு பொட்டலத்தை வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்டில் அதே வாட்ச்மேன். எல்லோர் பையையும் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். என்னைக் கண்டதும் மீசைக்குள் ஒரு சிரிப்பு.

"வாய்யா பொட்டலம். உள்ள எதுனா கீதா?"

"கீதுங்க" என்றேன்.

அவர் பையைக் கிளறி அதை எடுத்தார். இந்தத் தடவை பின்னால் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தை அவரே பிரித்து, நெற்றி நிறைய மூன்று விரலால் பூசிக்கொண்டார். "ஸ்டோர்ஸு நேராப் போய் இடது பக்கம்" என்றார்.