அக்கா பார்க்காத ஆர்க்கிட் பூ

எழுபதுகளில் நாங்கள் திருத்தணியில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அவர் பார்ப்பதற்காகவே அவர் கணவர் ஏலகிரியிலிருந்து ஓர் ஆர்க்கிட் செடியைக் கொண்டுவந்து, தேங்காய் மட்டையில் கட்டி, ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து, ஆடிக் கிருத்திகையன்று காலையில்தான் அது முதன்முதலாகப் பூத்தது.

என் கணவர் காவடி எடுக்கும் நாள் அது. அப்படியொரு ஊதாப் பூவை நான் பார்த்ததே இல்லை. அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்க எனக்குக் கூச்சம். சாமிக்குத்தானே என்று கொத்தோடு கிள்ளிக் காவடியில் செருகிவிட்டேன்.

மலையிலிருந்து இறங்கியதும் அக்காவுக்குத் திருநீறு கொண்டுபோனேன்.

“இன்னாமா, என் பூவப் பாத்தியா? விடிகாலைல அவரு, ‘பூத்துகினு இருக்குது பாரு’ன்னாரு. இருட்டுல தெரியல. வெளிச்சம் வரட்டும்னு கண்ண மூடினேன். முழிச்சிப் பாத்தா காணோம்.”

“அணிலு கடிச்சிருக்கும்க்கா” என்றேன்.

“ஆங், இருக்கும். ரெண்டு வருசமா நான் பாத்துகினு கிடக்கறது அதுக்கு இன்னா தெரியும், பாவம்” என்று திருநீற்றைப் பூசிக்கொண்டார்.

அவர்கள் வீடு மாறிப் போகும்வரை உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை முருகனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பூவுக்காகக் காத்திருந்தவர் முருகன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.