பவித்ரா என்று ஒரு பிள்ளை இல்லை

இதை எழுத வேண்டும் என்று ஆறு வருஷமாக நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெட்கம் வந்து கையைப் பிடிக்கும். வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் பஸ் கண்டக்டரைப் பற்றியோ மாம்பழ விலையைப் பற்றியோ எழுதித் தப்பிவிடுவேன். இந்தக் கிழமை தப்ப முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்தது இது.

என் தங்கை மதி அயர்லாந்தில் நர்ஸ். டப்ளினுக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே டெக்லன் என்ற ஐரிஷ்காரரைக் கட்டினாள். ஒரே மகள், ஆறு வயது. மூன்று பேரும் லீவில் கொழும்பு வெள்ளவத்தைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

லீவு என்பது பெயருக்குத்தான். பிள்ளைக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ஆப்பரேஷன். வளர்ந்த பிறகு இன்னொன்று செய்ய வேண்டிவரும் என்று டாக்டர்மார் அப்போதே சொல்லியிருந்தார்கள். அது இப்போது வந்துவிட்டது. அதற்கு முன் பிள்ளையை அம்மனுக்கு முன்னால் ஒருமுறை கொண்டுவந்து நிறுத்த வேண்டும் – மதிக்கு அதுதான் ஆசை.

கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மன் கோயில். புறக்கோட்டையில் கடை வேலை முடிந்து வெள்ளிக்கிழமை தவறாமல் நான் போகிற கோயில். அங்குள்ள பூசகர் ஐயாவுக்கு எங்கள் வீட்டாரின் பெயர், நட்சத்திரம் எல்லாம் பாடம். பிள்ளையைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஆ... பவித்ரா குட்டி வந்திட்டாவோ! வாங்கோ, வாங்கோ..." பூவை நீட்டினார்.

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரோ பவித்ரா நிற்கிறாள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வழிவிட்டு, மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள்.

பேச்சை மாற்ற நான் அவசரமாக அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

ஏனென்றால் அவளுடைய பெயர் பவித்ரா இல்லை. கீவா.

அது ஐரிஷ் பெயர். சொல்ல லேசுதான். ஆனால் எழுத்தில்? பிறந்த அன்று மதி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள் – சி, ஏ, ஓ, ஐ, எம், எச், ஈ. ஏழு எழுத்து. நான் ஓ லெவலோடு படிப்பை நிறுத்தியவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக் கூட்டினால் 'கயோயிம்ஹே' என்றுதான் வந்தது. அதில் 'வா' எங்கே இருக்கிறது? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஓட்டை என்ற செய்தி வந்தது. சாத்திரியாருக்கு போன் பண்ணினேன். உத்தர நட்சத்திரம், 'ப'வில் பெயர் வைத்தால் நல்லது என்றார். ஓடிப்போய் கோயிலில் நின்றேன்.

"பேர்?" என்றார் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவர்.

போனைப் பார்த்துப் படித்தேன்.

"என்னது?"

திரும்பவும் படித்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா சொன்னார்: "அது பிள்ளைட பேரோ, மருந்துப் போத்தல்ல இருக்கிற பேரோ?"

வரிசையே சிரித்தது. நான் கூனிப்போனேன்.

"பவித்ரா... பவித்ரா எண்டு எழுதுங்கோ." வாய் தானாகச் சொன்னது.

அன்றைக்கே மதி போனில் திருத்தினாள். "கீவா அண்ணா. கீ... வா. அவ்வளவுதான்." அடுத்த வெள்ளிக்கிழமை நான் சரியாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. தொடங்கிய பெயரை இடையில் மாற்றக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சாத்திரம் உண்டாக்கிக்கொண்டேன். தாய்மாமன் வைத்த பெயர் ஒன்று கோயிலிலாவது இருக்கட்டுமே என்ற நப்பாசையும் உண்டு. இப்படியே ஆறு வருஷம்... வெள்ளிக்கு வெள்ளி பவித்ரா, உத்தர நட்சத்திரம்.

கோயில் வாசலில் ஒரு த்ரீவீலர் பிடித்தோம். ஏறியதும் மதி கேட்டாள்.

"அண்ணா, ஆர் பவித்ரா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"முதல் ஆப்பரேஷன் நேரம் தியேட்டர் வாசல்ல நான் தனிய இருந்தன்" என்றாள். "நீங்க போன்ல சொன்னீங்க – பிள்ளைட பேருக்கு அர்ச்சனை நடக்குது, பயப்படாத எண்டு. அந்த ஒரு கதையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். ஆர்ட பேருக்கு அண்ணா நடந்தது?"

"அம்மனுக்குத் தெரியாதா, ஆருக்காகக் கேக்கிறன் எண்டு..."

"அம்மனுக்குத் தெரியும். உங்களுக்கு என்ட பிள்ளைட பேரைச் சொல்ல வெட்கம். அதுவும் அம்மனுக்குத் தெரியும்."

டெக்லனுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கீவா எண்டுறது இவர்ட அக்காவின்ட பேர்" என்றாள் மதி. "சின்னதில செத்துப்போனா. இவர்தான் கேட்டவர், வைப்பமா எண்டு."

ஆறு வருஷம்! ஏன் இந்தப் பெயர் என்று ஒரு நாளாவது நான் கேட்டேனா? அம்மா அப்பா போன பிறகு தங்கையை வளர்த்தவன் நான். கூடப் பிறந்தவர்களின் பெயர் ஒருவனுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? எழுத்தை எண்ணினேன்... ஆளை நினைக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே எல்லோரும் திரும்பக் கோயிலுக்குப் போனோம். நான்தான் வரிசையில் நின்றேன். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். 

"பேர்?"

"கீவா."

"சத்தமாச் சொல்லுங்கோ."

"கீவா!"

எழுதினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நட்சத்திரம்?"

"உத்தரம்."

"சரி, அடுத்த ஆள்."

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் சொன்ன பெயர் 'ஸ்வென்'. நோர்வேயில் இருக்கிற பேரனாம். இந்தக் கொழும்பில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடு எத்தனை? என் வெட்கம் மட்டும்தான் ஊரை விட்டுப் போகாமல் இங்கேயே இருந்திருக்கிறது.

ஐயாவிடமும் உண்மையைச் சொன்னேன். "ஐயா, பவித்ரா எண்டு ஒரு பிள்ளை இல்லை."

சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப எங்கேயோ ஒரு பவித்ரா ஆறு வருஷமா நல்லா இருந்திருப்பா. விடுங்கோ."

மந்திரத்தின் நடுவே 'கீவா' என்று வந்தபோது, என் கையைப் பிடித்திருந்த சின்னக் கை ஒருமுறை இறுக்கிப் பிடித்தது. இந்தமுறை அவள் ஒதுங்கவில்லை. பூவை இரண்டு கையாலும் வாங்கினாள்.

மதி என்னை மன்னித்தாளா? தெரியவில்லை. ஏர்போர்ட்டில், "வெள்ளிக்கிழமை போவீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள்.

ஆப்பரேஷன் வருகிற வியாழக்கிழமை. எனக்கு நித்திரை இல்லை. முதல் ஆப்பரேஷனில் அம்மன் பெயரைப் பார்க்காமல்தான் கருணை காட்டினாள் என்பது என் நம்பிக்கை. ஆனாலும் பயம் போகவில்லை. 

இத்தனை வருஷமாக இந்தப் பத்தியை வாசிக்கிறீர்கள். நான் உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். நீங்கள் கோயிலோ, சேர்ச்சோ, பள்ளிவாசலோ... போகிற இடத்தில் இதைச் சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல், நடந்தது நடந்தபடி. என் வெட்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பெயரை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள் – கீவா, உத்தர நட்சத்திரம்.