மிச்சம் பிடித்த பன்னிரண்டு மாத்திரைகள்

தையல் கூடத்தில் அவளுக்கு மிச்சக்காரி என்று பெயர். மூன்று சட்டைக்கு வந்த துணியில் ஒரு குழந்தைச் சட்டையையும் சேர்த்து வெட்டிவிடுவாள். "அக்கா கையில யானையக் குடுத்தாலும் ஒரு பூனைக்குட்டி மிச்சம் பிடிச்சிடும்" என்பார் முதலாளி. அவளுக்கும் அதில் பெருமைதான்.

மகளுக்கு ஒன்பது வயதில் தொண்டை வலி வந்தது. டாக்டர் பத்து நாளுக்கு இருபது மாத்திரை எழுதி, "வலி போனாலும் நிறுத்தக் கூடாதும்மா" என்றார். நான்காம் நாள் பிள்ளை எழுந்து ஓடியாடியது. 'நல்லாத்தானே இருக்கா' என்று மீதிப் பன்னிரண்டைப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தாள். அடுத்த தடவைக்கு ஆகும்.

மூன்று வாரத்தில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் வலி மணிக்கட்டுக்குப் போனது. "பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்க வலிய இடம் மாத்துறியாடி?" என்று அதட்டினாள். படியேற மூச்சு வாங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தொண்டைக் கிருமியோடு சண்டைக்குப் போன உடம்பு தன் மூட்டையும் இதயத்தையுமே தாக்கிவிட்டது என்றார்கள். வால்வில் தழும்பு. மறுபடி வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, பல வருஷத்துக்கு.

"மாத்திரை முழுசாக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவள் காதிலும் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் துணி கிழிபடுவது போல ஒரு சத்தம். அன்றிலிருந்து கத்தரிக்கோல் துணியில் ஓடும்போதெல்லாம் அதுவே கேட்கிறது.

பத்து வருஷம் போயிற்று. சென்ற செவ்வாய்க்கிழமை, ஊசி நாள், மகள் கட்டிலை விட்டு எழவில்லை.

"போம்மா. ரெண்டு நாள் நொண்டணும். இனிமே எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன்."

தன் சொல்லே திரும்பி வந்து கட்டிலில் படுத்திருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. பட்டன் டப்பாவை எடுத்துவந்து கவிழ்த்தாள். பட்டன்களோடு பழுப்பேறிய மாத்திரை அட்டையும் விழுந்தது.

"என்னது இது?"

"உன்னோடது. நான் மிச்சம் பிடிச்சது."

மகள் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ஒரே ஒரு மாத்திரைய ஜன்னல் வழியா துப்பினேம்மா. அதனாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு இத்தன வருஷம்..."

அவளுக்குத் தன் பொய் இத்தனை காலம் யார் தோளில் உட்கார்ந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மகள் அட்டையைப் பையில் போட்டாள். செருப்பை மாட்டினாள்.

"வா. ஊசி போடுற இடத்துல நீயே சொல்லு."

படியிறங்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அம்மா ஒரு படி பின்னாலேயே இறங்கினாள், முன்னால் போகும் மூச்சுக்குக் காது கொடுத்தபடி.