புங்கமரத்தடியில் மூன்று நாள்

மாதத்தில் மூன்று நாள் மலையம்மாள் அக்கா வெற்றிலைக் கொடிக்காலுக்குள் வரமாட்டார். மற்ற நாட்களில் வாசல் படலருகே செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் முன்னால் நுழைகிறவர், அந்த மூன்று நாளும் வெளியே புங்கமரத்தடியில் நின்றுவிடுவார். ஓட்டி வந்த ஆட்டை மரத்தில் கட்டுவார். சாக்கை விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வார். வெற்றிலைக் கொடிக்குத் தீட்டு ஆகாது என்பது சோழவந்தான் பக்கம் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்குத் தூரமான பெண் உள்ளே கால் வைத்தால் கொடி கருகிவிடும் என்பார்கள். அதனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பல வருடமாக அந்தப் பக்கம் புல் அறுக்கிற நான் மட்டும் அவர் தூங்குவதைப் பார்ப்பேன். வாய் லேசாகத் திறந்திருக்கும். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் தெரியாது.

அவர் டி. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவர். கல்யாணமாகி வந்த அன்றுதான் வெற்றிலைக் கொடியையே முதலில் பார்த்தாராம். மாமியார் அன்றைக்கே கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து கொடி வரிசைகளுக்கு நடுவே ஓடும் கிடங்கில் சேறு அள்ளுவது, தண்ணீர் இறைப்பது, கிள்ளிய வெற்றிலையை அடுக்கிக் கட்டுவது, பிறகு வீடு, மாடு, அடுப்பு. இரண்டு மகன்களும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். புருஷன் அழகுபாண்டி கெட்டவர் இல்லை. ஆனால் 'ஒக்காரு' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மனைவி தூரமான நாட்களில் மட்டும் அவரே கஞ்சி காய்ச்சிக்கொள்வார்.

போன மார்கழியில் அடித்த புயல் மழையைப் பற்றிப் பேச இன்னும் நாக்கு எழவில்லை. பனி கொட்ட வேண்டிய மாதத்தில் விடிய விடியக் காற்றும் மழையும். காலையில் கொடிக்காலுக்குப் போனவர்கள் படலருகிலேயே நின்றுவிட்டார்கள். கொடி படர்ந்திருந்த அகத்தி மரங்கள் வரிசை வரிசையாக ஒரே பக்கம் விழுந்து கிடந்தன. கொடியெல்லாம் தண்ணீருக்குள். நான்கு குடும்பம் சேர்ந்து போட்டிருந்த கொடிக்கால் அது. வடிகால் மடைக்குள் மரம் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் இறங்க வழியில்லை. இப்படியே ஒரு பகல் நின்றால் தண்டு கறுத்துவிடும். பிறகு வேரோடு பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மரத்தை இழுத்தார்கள். ஒச்சாயி மதினியும் மற்றப் பெண்களும் வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. குளிரில் உதடு வெளுத்து, ஆள் பற்றாமல் தவித்தார்கள். அன்றைக்குப் பார்த்து நான் தூரமாகி வெளியே. மலையம்மாள் அக்காவும் வெளியே. உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புங்கமரத்தடியில் நின்றார். தூங்கவில்லை. மடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று சாக்கைக் கீழே போட்டார். செருப்பைக் கழற்றினார். படலைத் திறந்தார்.

நான்கு குடும்பத்துக்கும் மூத்தவரான விருமாண்டி கையை விரித்து மறித்தார்.

"ஏத்தா, ஏத்தா! எங்க வர்ற? புத்தி கெட்டுப்போச்சா?"

"மடையில கிளை குறுக்க நிக்குதுண்ணே. ஒங்க ஒடம்புக்கு அதுக்குள்ள நுழைய முடியாது. நான் போயிருவேன்."

"தண்ணி நின்டா இந்த வருசத்துக் கொடிதான் போகும். தீட்டுப் பட்டா என்னைக்கும் தழைக்காதுத்தா. மரத்தடிக்குப் போ!"

"ஏய், பெரியவுக சொல்றாகல்ல? போடி!" என்று அழகுபாண்டி தண்ணீருக்குள் இருந்தே கத்தினார்.

அக்கா போகவில்லை. குனிந்த தலையோடு சொன்னார்.

"எனக்குத் தீட்டு இல்லண்ணே. அது நின்டு நாலு வருசமாச்சு."

இறைக்கிற சத்தம் நின்றுவிட்டது. நாலு வருடமாக நான் பார்த்தது என்ன? ஒச்சாயி மதினிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அடியாத்தீ! அப்ப மாசாமாசம் மரத்தடியில குறட்டை விட்டது?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"வேற எப்ப மதினி நான் ஒக்காரது?"

அழகுபாண்டியின் கையிலிருந்த கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது. "அப்ப நான் கஞ்சி காச்சுனது?" என்றார். கோபமா அழுகையா என்று தெரியாத குரல். விருமாண்டியின் விரித்த கை தானாகவே இறங்கியது. அவர் வழியை விட்டு விலகி நின்றார்.

அக்கா மடைக்குப் போய், கழுத்து முங்கத் தண்ணீரில் சாய்ந்து, தோள் வரை கையை உள்ளே விட்டார். ஒருதரம் தலையும் முங்கியது. ஒச்சாயி மதினி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இழுடி, பொய்க்காரி, இழு!" என்று கத்தினார். கிளை முறிந்து வந்தது. தண்ணீர் ஓவென்று மடைக்குள் பாய்ந்தது.

பொங்கல் வரைக்கும் எல்லோருக்கும் அதே வேலை. மூங்கில் நட்டு, சாய்ந்த கொடியை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டினார்கள். தங்கள் வரிசை முடிந்ததும் அக்கா விருமாண்டியின் பள்ளத்து வரிசைகளுக்கு இறங்கினார், பிறகு பக்கத்துக் கொடிக்கால்களுக்கும் போனார். பனியில் விரல் வெடித்தது. அவரைப் பார்த்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். வெறுப்பினால் இல்லை. ஒரு மனுஷி இளைப்பாற இம்புட்டுத் தூரம் போக வேண்டியிருந்ததா என்று திகைத்துப்போயிருந்தோம்.

மேட்டு வரிசைகளில் கொடி பிழைத்துவிட்டது. இப்போது அங்கே வெற்றிலை கிள்ளுகிறார்கள். பள்ளத்தில் பாதி அழுகிப்போனது. அங்கே அகத்தி விதை ஊன்றி, புதுக்கொடி பதியம் போட்டிருக்கிறார்கள். அழகுபாண்டி இப்போது கஞ்சி காய்ச்சுவதில்லை. மலையம்மாள் அக்கா மாதம் முழுவதும் வேலைக்கு வருகிறார்.