இரண்டு தடவை அணைத்த கற்பூரம்

திருச்செங்கோட்டுச் சாலையில் பருத்தி வண்டி ஓட்டிய சின்னுசாமி, கோபம் வந்தால் மாட்டை அடிக்க மாட்டார். வண்டியை விட்டு இறங்கி மாட்டோடு நடப்பார். ராமாயி செத்த பிறகு அவர் வண்டியில் உட்கார்ந்ததைவிட நடந்ததே அதிகம்.

ராமாயி அவருடைய ஒரே மகள். அடுத்த ஊர் அர்த்தநாரிக்குக் கட்டிக்கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ஆண் பிள்ளை பிறந்தது. சோசியன் ஓலையைப் புரட்டிவிட்டு, இந்தப் பிள்ளை தகப்பன் தலையைத் தின்னும் என்றான். கண்ணைச் சரியாகத் திறக்காத சிசு, முழு ஆள் ஒருவனைத் தின்னுமாம். அந்த முழு ஆளும் அதை நம்பினான். ஆனால் ஓலைக்குப் பயந்து பெற்ற பிள்ளையைத் துரத்தினான் என்றால் ஊர் சிரிக்குமே? அதனால், பிள்ளையே தன்னுடையதல்ல என்றான்.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் ராமாயியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கற்பூரம் ஏற்றச் சொன்னார். பொய் சொல்லி அணைத்தால் கண் போய்விடும். அங்கே அதுதான் சட்டம். "இது எனக்குப் பொறந்ததில்லை" என்று அர்த்தநாரி உள்ளங்கையால் அணைத்தான். கண் போகவில்லை. ஆகவே ராமாயி கெட்டவள். பிள்ளை அவளைப் பெற்றவர்களுக்கு. அர்த்தநாரிக்கு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை. அவ்வளவுதான் தீர்ப்பு.

பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்குக் கிணற்றடியில் குடம் தூக்கிவிடக்கூட ஒருத்தி கை நீட்டவில்லை. பிள்ளை தவழத் தொடங்கிய மாதம் செத்துப்போனாள். காய்ச்சல் என்றார்கள். சின்னுசாமி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

பிள்ளைக்குச் செங்கோடன் என்று பேர் வைத்து, அவரும் மனைவி கந்தம்மாளும் வளர்த்தார்கள். அவனுக்கு ஏழு வயதாகியும் அர்த்தநாரியின் இரண்டாம் மனைவிக்குக் குழந்தை இல்லை. அதே சோசியன், அதே ஓலை. மூத்த பிள்ளை வீட்டுக்கு வந்தால்தான் வம்சம் விளங்கும் என்றான். தலை தின்னும் பிள்ளை வம்சம் விளக்கும் பிள்ளையாகிவிட்டது. அர்த்தநாரி தேங்காய் பழத்தட்டோடு வந்தான். அதே கோயில் முன்னால் ஊர் மறுபடி கூடியது.

"பெத்தவன் கேக்குறான், குடுத்துரு சின்னுசாமி" என்றார் ஊர்க்கவுண்டர்.

"பெத்தவனா? யாருங்க அது? இவருக்குப் பொறக்கலைன்னு நீங்கதானுங்களே தீர்ப்புச் சொன்னீங்க."

"பழசையெல்லாம் எதுக்கப்பா கெளறுற?"

"பழசுதானுங்க. என்ற மவ மண்ணாவே போயிட்டா."

பின்னாலிருந்து கந்தம்மாள் சொன்னாள்: "மாப்பிள்ளை தேங்காயை மட்டும் மறக்காம கொண்டாந்திருக்காரு. வெக்கத்தை ஊட்லயே வெச்சுட்டாரு." இரண்டு பேர் சிரித்தார்கள்.

அர்த்தநாரி உண்மையை ஒப்புக்கொண்டால் மகளின் பேர் மீளும், பேரன் போய்விடுவான். ஒப்புக்கொள்ளாவிட்டால் பேரன் நிற்பான், அவள் பேர் சேற்றிலேயே கிடக்கும். சின்னுசாமிக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

"கற்பூரம் ஏத்துங்க. அன்னிக்கு அணைச்ச அதே கையில, நான் சொன்னது பொய், ராமாயி மேல குத்தமில்லைன்னு அணைக்கட்டும்."

"அவளே போயிட்டா. இப்ப எதுக்குங்க மாமா..."

"பையன் வேணுமா, வேண்டாமா?"

அர்த்தநாரி வாய்க்குள் முனகினான். "சத்தமா" என்றார் சின்னுசாமி. சத்தமாகச் சொல்லி அணைத்தான். இந்தத் தடவையும் கண் போகவில்லை.

சின்னுசாமி கூட்டத்தைப் பார்த்தார். "ரெண்டு சத்தியம். ஒண்ணு பொய்யின்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. அம்மன் ரெண்டுக்கும் சும்மாதான் இருந்துச்சு. அப்ப என்ற மவளைக் கொன்னது யாருங்க?"

அவர் செங்கோடனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளையக் குடுக்க மாட்டேனுங்க. பாத்தியதை இல்லைன்னு நீங்க சொன்னது சொன்னதுதான். வேணும்னா கோர்ட்டுக்குப் போகட்டும். பொண்டாட்டி மேல பொய்ச் சத்தியம் பண்ணுனேன்னு அங்கயும் வந்து சொல்லட்டும்."

அர்த்தநாரி கோர்ட்டுக்குப் போகவே இல்லை. அன்று ஊர்க்கவுண்டர், தட்டிலிருந்த தேங்காயை என்ன செய்வதென்று பூசாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ராமாயியைக் குறித்து ஒருவர் வாயிலும் ஒரு சொல் வரவில்லை.

வீடு திரும்பும்போது வண்டியில் ஏறாமல் மாட்டோடு நடந்தார் சின்னுசாமி.

"அந்த ஆளு யாருங்க அப்புச்சி?" என்றான் பையன்.

"உங்கம்மா மேல குத்தமில்லைன்னு சொன்ன ஆளு."

"அது நமக்கு முன்னயே தெரியுமுங்களே."

"ஊருக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, சாமி" என்று சொல்லிவிட்டு, இன்னும் வேகமாக நடந்தார்.