ஐந்தாவது பிரதி

இது நடந்தது. ஜோடித்த கதைதான் வேண்டும் என்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். யாருக்கு நடந்ததோ அவள் உயிரோடுதான் இருக்கிறாள். நேற்றுகூட எனக்கு இரண்டு பக்கம் நகல் எடுத்துக் கொடுத்தாள்.

அவளைச் சித்தி என்றே சொல்கிறேன். குடும்ப நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போய் ஏழு வருஷம். பிள்ளை இல்லை. அதைக் குத்திக் காட்டியது ஊரார் இல்லை, கூடப் பிறந்த அக்கா. "பெத்திருந்தாத்தானே தெரியும்" என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. போன வருஷம் ஒரு சாயங்காலம், குளியலறையில் மூச்சு முட்டிச் செத்துப்போனாள். அவள் புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். மிஞ்சியது இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. அப்பாவின் அண்ணன் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பிள்ளைகள் தனக்கு வேண்டும் என்று சித்தி மனு போட்டாள். பாசம் பாதி. மீதி என்ன என்று அவளே என்னிடம் சொன்னாள்.

"அவ பெத்ததை நான் வளக்கணும். அதை அவ மேலேருந்து பாக்கணும்."

"தாய் கைப்பட எழுதின கடுதாசி ஏதாச்சும் இருக்காம்மா? இருந்தா கேஸ் நிக்கும்" என்றார் வக்கீல்.

இல்லை. ஆனால் அக்காவின் பழைய கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன.

புதன்கிழமை. மதியம் 2:10. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. சித்தி பழைய கடிதத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்டி, அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்து, வெயில் வெளிச்சத்தில் எழுத்து எழுத்தாகப் பிரதி எடுத்தாள். 'எனக்கு ஏதாவது ஆனால் என் பிள்ளைகளை என் தங்கச்சியிடம் ஒப்படைக்கவும்.' கீழே கையெழுத்து. அக்காவே வந்தாலும் தன்னுடையதுதான் என்று சொல்லியிருப்பாள்.

தாளை மெஷினில் வைத்தாள். நான்கு பிரதி என்று அழுத்தினாள்.

கர்ர்ர்... டக்.

கர்ர்ர்... டக்.

நான்கு வந்தது. மெஷின் நிற்கவில்லை.

கர்ர்ர்...

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெஷினுடையது இல்லை. அதற்குப் பின்னால், சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாண் சந்திலிருந்து. ஈ...ஈ...ஈ... சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துக் கேட்ட இழுப்புச் சத்தம்.

டக்.

ஐந்தாவது தாள் விழுந்தது. முழுக்க வெள்ளை. அடியில் மட்டும் ஒரு வார்த்தை. அக்காவின் கையெழுத்து.

'வேண்டாம்டி.'

சித்திக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. "செத்தும் உனக்கு வயித்தெரிச்சல் அடங்கலையா?" தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள். அசலையும் நான்கு பிரதியையும் வக்கீலிடம் கொடுத்தாள்.

விசாரணை நாள். காலை 11:25. நீதிபதி அம்மா பெரியவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ யார்கூட இருக்கப் போற?" என்றார்.

"சித்திகூட." யோசிக்கவே இல்லை. சின்னவள் பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

தட்டெழுதிக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிறுத்தினாள். சுற்றிலும் பார்த்தாள்.

"இங்க யாருக்கு மூச்சிழுக்குது?"

பிறகு அவளே மறுபடி தட்டத் தொடங்கினாள்.

பெரியப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். தாழ்வாரத்தில் பிள்ளைகளின் பையை வைத்துவிட்டு, பெரியவள் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். போன வேகத்தைப் பார்த்து, 'விட்டது தொல்லை என்று ஓடுகிறான் மனுஷன்' என்று சித்தி நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியவள் கேட்டது கிடைக்கவில்லை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சித்தியின் போன் கேட்டாள். "நாளைக்குத் தரேன், இப்ப வேணாம்" என்றாள் சித்தி. குழந்தை அழவில்லை. அடம் பிடிக்கவில்லை. சரி சித்தி என்றாள்.

6:40. சித்தி பிள்ளைகளின் துணியைத் துவைக்கக் குளியலறைக்குள் போனாள். கதவை ஒருக்களித்து வைத்தாள். குழாயைத் திறந்தாள்.

ஈ...ஈ...

குழாயை மூடினாள்.

ஈ...ஈ...ஈ...

முதுகுக்குப் பின்னால். கழுத்தில் மூச்சுப் படும் தூரத்தில்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

ஈர விரல்கள். முதுகில். பத்தும் பதிந்தன.

தள்ளியது...

அப்படி ஒரு தள்ளு. கதவு படீரென்று திறந்துகொள்ள, சித்தி வெளியே குப்புற விழுந்தாள். முட்டி உடைந்து ரத்தம்.

நிமிர்ந்தாள்.

கதவோரம் ஒரு நாற்காலி. அதன்மேல் பெரியவள்.

"என்னடி பண்ற இங்க?"

"சும்மா சித்தி."

இறங்கினாள். நாற்காலியை இருந்த இடத்தில் வைத்தாள். போனாள்.

அதற்குப் பிறகு அந்த இழுப்புச் சத்தம் கேட்கவே இல்லை. அக்காவுக்கு ஆங்காரம் தீரவில்லை, தன்னை அடித்துப்போடத்தான் வந்தாள் என்று சித்தி நினைத்தாள். ஒன்பது நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் காலை 10:15. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி கடைக்கு வந்தாள். ஏதோ ஒரு பத்திரத்துக்கு நகல் எடுக்கணும். சித்தியை அடையாளம் தெரிந்துகொண்டு கையைப் பிடித்தாள்.

"பிள்ளைங்க உங்ககிட்டயா இருக்கு? உங்கக்காவை நான்தாம்மா முதல்ல பாத்தேன்."

"கதவை உடைச்சுத் தூக்கினாங்களாமே?"

"யாரு சொன்னா? உடைக்கவே இல்லையே. மேல்தாழ்ப்பாள் வெளிப்பக்கம்ல போட்டிருந்துச்சு. நான்தான் தொறந்தேன். பிள்ளைங்களோட பெரியப்பாதான் காலைப் பிடிக்காத குறையா, இதை வெளியில சொல்லாதீங்கன்னு கேட்டாரு. நானும் வாயத் தொறக்கல."

சித்தி மெஷினை நிறுத்தினாள். "பிள்ளைங்க... எங்க இருந்தாங்க?"

"கூடத்துலதான். டிவி பாத்துட்டு இருந்தாங்க. காது கிழியற அளவுக்குச் சத்தம். கொஞ்சம் குறைச்சு வைங்கன்னு சொல்லத்தாம்மா நான் அங்க போனதே."