வாத்தியார் நிறுத்திய இடம்

உங்கள் முன்னால் உட்கார்ந்து யாராவது வயிற்றுவலியைப் பதினோரு விதமாக நடித்துக் காட்டியிருக்கிறார்களா? எனக்கு ஒருவர் காட்டினார். ரஷ்யாவில் நான் டாக்டருக்குப் படிக்கப்போன முதல் வருஷம். எங்களுக்கு ரஷ்ய மொழி சொல்லித்தர வந்தவர் இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பெஞ்சில் சுருண்டு படுத்து முனக ஆரம்பித்துவிட்டார். எங்கே வலி, எப்போதிலிருந்து, சாப்பிட்டால் கூடுகிறதா என்று அவர் மொழியில் சரியாகக் கேட்டால் எழுந்திருப்பார். தப்பாகக் கேட்டால் செத்துப்போவார். முதல் மாதத்தில் என் கையால் மட்டும் ஆறு தடவை செத்தார்.

எங்களுக்குள் அவரை 'வாத்தியார்' என்போம். காலையில்தான் வாத்தியார்; மாலையில் நாடக நடிகர். ஒரே தியேட்டரில் முப்பத்தெட்டு வருஷம். இருபத்தாறு வயதிலேயே தலை முழுவதும் வழுக்கை, அதனால் அன்றிலிருந்து கிழவன் வேஷம்தான். வண்டிக்காரன், காவலாளி, மூன்றாவது சிப்பாய். கதாநாயகன் ஆனதே இல்லை. ஆனால் நான் டிக்கெட் எடுத்துப் பார்த்த முதல் நாடகத்தில், மேடை ஓரத்தில் நின்று ஒரு கோட்டை மடித்துக்கொண்டிருந்த அவரைத்தான் மொத்த சபையும் பார்த்தது. நடுவில் கதாநாயகன் அழுதுகொண்டிருந்தான், பாவம்.

என் கடைசி வருஷத்தில் ஒருநாள் அவருக்கு மேடையில் ஒரு வரி மறந்துவிட்டது. கூட நடித்தவர் சமாளித்துவிட்டார், சபைக்குத் தெரியவே இல்லை. மறுநாள் வாத்தியார் தியேட்டர் வேலையை விட்டுவிட்டார். இனி வகுப்பு மட்டும் போதும் என்றார்.

நான் படிப்பு முடித்து ஊர் திரும்பிய அடுத்த வருஷம் அவரே இங்கே வந்தார். முட்டிவலி. தக்கலை பக்கம் ஒரு வைத்தியசாலையில் ஒரு மாதம் எண்ணெய்ச் சிகிச்சை. மொழிபெயர்க்க நான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட எங்கள் வீட்டுக்கு வருவார்.

"ஏட்டி, அவருக்கு எரிசேரி எரிக்குமான்னு கேளு" என்பாள் அம்மா. நான் கேட்பதற்குள் வாத்தியார் கண் நிறைய நீர் கோர்த்து, நாக்கைத் தொங்கப்போட்டு, மறுநொடி தட்டை நீட்டுவார். "நடிக்காராக்கும்!" என்று அம்மா இன்னொரு கரண்டி வைப்பாள்.

அண்ணன் எங்கள் ஊர் மன்றத்துக்குச் செயலாளர். ஆண்டுவிழாவில் வாத்தியார் ஏதாவது நடிப்பாரா என்று கேட்டான். மாட்டார் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இங்கே யாருக்கும் என் மொழி தெரியாது. தப்பினால் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வரிகூட மறக்காமல் முடித்தால் தியேட்டருக்குத் திரும்பிப் போகிறேன். மறந்தால், இனி மேடையே கிடையாது."

அவரே எழுதிய பன்னிரண்டு நிமிஷ நாடகம். மகன் வருகிற ரயிலுக்காகக் காத்திருக்கும் ஒரு சிக்னல்காரர். மேடையில் அவர் மட்டும். நான் திரைக்குப் பின்னால் பிரதியோடு நிற்க வேண்டும். "நான் சுண்டுவிரலை மடக்கினால் மட்டும் வரியை எடுத்துக்கொடு. இல்லையென்றால் நீ அங்கே இல்லை."

விழா மதியம், கல்யாண மண்டபத்தில். கேரட் வேஷம் போட்ட ஒரு பிள்ளை அழுதுகொண்டே இறங்க, நான் மைக்கைப் பிடித்துக் கதையை இரண்டு வரியில் தமிழில் சொல்லிவிட்டுத் திரைக்குள் போனேன். வாத்தியார் வந்தார். மடிப்பு வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்கார சிக்னல்காரர். ஐந்து நிமிஷத்தில் கடைசி வரிசையில் கடலை கொறித்த சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்கு அவ்வளவு பெருமை, நான்தான் அவரைப் பெற்றமாதிரி.

எட்டாவது நிமிஷம் அவர் பேச்சை நிறுத்தினார். தலை லேசாகச் சாய்ந்தது. அப்படியே நின்றார். பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். சுண்டுவிரல் மடங்கவில்லை. நெற்றியில் வியர்வை மட்டும் தெரிந்தது.

"ஏட்டி, மறந்துட்டாருல்லா!" அண்ணன் என் காதுக்குள் சொல்லித் தோளைப் பிடித்து உலுக்கினான். "எடுத்துக் குடு, ஆளுவ சிரிக்கப் போறாவ!"

நான் எடுத்துக்கொடுத்தேன். "வண்டி வருகிறது." கையிலிருந்த மைக் அணையாமல் இருந்ததை மறந்துவிட்டேன். ரஷ்ய மொழியில் என் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் அலறியது.

வாத்தியார் மெல்லத் திரையின் பக்கம் திரும்பினார். "எனக்கும் காது இருக்கிறது, ஸ்டேஷன் மாஸ்டர்" என்றார். பிரதியில் அப்படி ஒரு வரியே இல்லை. அடுத்த வரிக்குப் போனார், முடித்தார். மண்டபமே எழுந்து கைதட்டியது.

"ரேடியோல பேசினது நீயாட்டி? கொள்ளாம், நல்லா இருந்து" என்றாள் அம்மா.

மணப்பெண் அறையில் அவர் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைதட்டலைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

"நிறுத்தினீர்களா, மறந்தீர்களா?" என்று கடைசியில் கேட்டுவிட்டேன்.

"நிறுத்தத்தான் செய்தேன். ஆனால் அந்த வரி அதற்கப்புறம் என்னிடம் வந்திருக்குமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும். நீ முந்திவிட்டாய்."



நான்கு நாள் கழித்து வைத்தியசாலை முற்றத்தில் மறுபடி நடிக்கப்போவதாகச் சொன்னார். காலை பதினோரு மணி. பார்வையாளர்கள், எண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கும் மற்ற நோயாளிகள். பிரதி இல்லை, மைக் இல்லை. "நீ கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது."

உள்ளே போகவில்லை. மதிலுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து கேட்டேன். பிரதி எனக்கு மனப்பாடம்; ஒவ்வொரு வரியும் வரும்போது உதடு தானாக அசைந்தது. அந்த இடம் வந்தது. நிறுத்தினார். நான் உள்ளங்கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன். நாகர்கோவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இன்னும் சத்தமே இல்லை. மண்டபத்தில் நின்றதைவிட அதிகமாகவே நின்றார்.

உள்ளே ஒரு ஆண் குரல் கேட்டது. "என்னவாக்கும், முடிஞ்சா?"

"சும்மா இரும் ஓய்" என்றது இன்னொரு குரல். "தூரத்துல என்னமோ வாறத கேக்காரு அவரு."

ரஷ்ய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர். ஆறு வருஷம் அங்கே படித்துவிட்டு வந்த எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்புறம் வாத்தியாரின் குரல், அவசரமே இல்லாமல்: "வண்டி வருகிறது."

கடைசி வரி வரை ஒன்றும் தவறவில்லை.

இப்போது அவர் தன் ஊரில், பழைய தியேட்டரில் இருக்கிறார். இந்த மாதம் வக்கீல் வேஷம். பதினேழு வரி.